கணக்குத் தொழிலுக்கு எம்மொழி? ஜெர்மனா, சீனமா?

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் பேசத் தகுந்தவர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். பட்டம் பெற்றோர் உண்டு. கல்லூரியில் பாடம் சொல்வோர் உண்டு. வங்கியில் பொறுப்பு வகிப்போரும் உண்டு. நாமோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில் நிலையத்தில் பயணச் சீட்டு வழங்கும் சாளரத்தின் பின்னே இருபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்திருக்கும் ஓர் எழுத்தர். ‘ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுங்கள்’ என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, நம் இல்லத்தில் ஆறு மாதமாக ஓயாமல் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த வழக்கையே இச்சபைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

வழக்கு யாதெனின், நம் மகள் வணிகவியல் பட்ட வகுப்பில் இறுதியாண்டு படிக்கிறாள். நிதித் துறையில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் விருப்பம். இந்நகரில் ஆங்கிலம் அறிந்த கணக்கர் எண்ணற்றவர். அயல்நாட்டு மொழி ஒன்றும் அறிந்திருந்தால் கூட்டத்தில் ஒரு படி உயர்ந்து நிற்கலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கின்றனர். அவள் ஜெர்மன் என்றாள். நாம் சீனம் என்றோம். நம் துணைவியார், ‘முதலில் கணக்கைக் கற்று முடிக்கட்டும்’ என்றார். இம்மூன்றில் எது சரி என்பதே இன்றைய பேச்சு.

இதை வீட்டுப் பூசல் என்று தள்ளிவிடல் ஆகாது. ஒரு மொழிக்குரிய கட்டணத்தையே நாம் சேர்த்து வைத்திருக்கிறோம், இரண்டுக்கு இல்லை. பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். இருபது வயதில் இழந்த இரண்டு ஆண்டுகளை எந்த வங்கியிலும் திரும்பப் பெற இயலாது. இதே வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் இச்சபையிலும் பலர் இருக்கின்றீர்கள். ஆதலால் நம் வீட்டு வழக்கு உங்கள் வீட்டு வழக்கும் ஆகும்.

கல்லில் எழுதிய கணக்கு

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலை அறியாதார் இங்கே இலர். அக்கோயிலில் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் நம் ஊர் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் குறிக்கப்பெறுகிறது. பட்டணம் என்பது வணிகர் கூடி வாழ்ந்த ஊரைக் குறிக்கும் பெயர். அக்கல்வெட்டுகள் பெரும்பாலும் பேசுவன கொடையும் வருவாயுமே. நிலம் இவ்வளவு, ஏரி இன்னது, வரியில் கோயிலுக்குச் சேர வேண்டியது இவ்வளவு என்று எழுதி வைத்தனர். போசள மன்னன் வீர இராமநாதன் காலத்தில் இவ்வூர் வருவாயிலிருந்து கோயிலுக்குப் பொன் ஒதுக்கிய செய்தியும் அவற்றுள் உண்டு. இன்றைய சொல்லில் சொன்னால் அவை நிதி ஆவணங்கள் அல்லவா?

போசளர் கன்னட நாட்டில் எழுந்த அரச மரபினர். ஆயினும் இந்தக் கணக்கு தமிழில் வெட்டப்பட்டது. ஏன்? கொடுத்தவரும் பெற்றவரும், பின்னாளில் அதைப் படித்துச் சரிபார்க்க வேண்டியவரும் தமிழ் அறிந்தோராய் இருந்தனர். கணக்கு என்பது எழுதுபவன் பெருமைக்காக எழுதப்படுவது அன்று. படிப்பவன் ஏற்றுக்கொள்ளுமாறு எழுதப்படுவது.

ஏறத்தாழ அதே காலத்தில், கடல் கடந்து சீன நாட்டின் சுவான்சௌ துறைமுகத்தில் மற்றொரு தமிழ்க் கல் நடப்பட்டது. ஆண்டு 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவன் கோயிலை எடுப்பித்து, அந்நாட்டை ஆண்ட குப்லாய் கானின் நலம் கருதித் திருமேனியை எழுந்தருளச் செய்த செய்தியை அக்கல் தமிழில் சொல்கிறது. தமிழ் வரிகளின் இறுதியில் சீன எழுத்திலும் ஒரு வரி வெட்டப்பட்டுள்ளது. கோயில் தம்முடையது, ஆகவே தமிழ். ஊரும் துறைமுகமும் ஆட்சியும் சீனருடையவை. ஆகவே சீனத்திலும் ஒரு வரி. நம் முன்னோர்க்கு இந்தத் தெளிவு இருந்தது. எந்த மொழி உயர்ந்தது என்று அவர்கள் வழக்காடிக்கொண்டிருக்கவில்லை. எதிரே நிற்பவன் யார் என்று பார்த்தனர், அதற்கேற்ப எழுதினர்.

சாளரத்தின் பின்னே கற்ற பாடம்

இந்த உண்மையை நாம் ஏட்டில் கற்கவில்லை, அடிபட்டுக் கற்றோம். தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு வந்து பணியேற்ற புதிதில் நமக்குக் கன்னடம் தெரியாது. ஒரு நாள் காலை, கூட்டம் நெரிந்த வேளையில், முதியவர் ஒருவர் மத்தூருக்குச் சீட்டுக் கேட்டார். நம் செவியில் மாலூர் என்று விழுந்தது. மத்தூர் மைசூர் வழியிலே உள்ளது. மாலூர் அதற்கு நேர்மாறான கிழக்குத் திசையிலே உள்ளது. அவர் நடைமேடையில் யாரிடமோ சீட்டைக் காட்டி உண்மை அறிந்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, அவருடைய வண்டி போய்விட்டிருந்தது. நாம் நம் கைப்பணத்தில் வேறு சீட்டு எடுத்துக் கொடுத்தோம். அவர் சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘இனிமேல் யாரையும் “எல்லிகே?” என்று இரண்டு முறை கேளுங்கள்’ என்று கன்னடத்திலேயே சொல்லிச் சென்றார். அன்று தொடங்கியது நம் கன்னடக் கல்வி. தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் நமக்கு ஆசிரியராக அமைந்தனர்.

அதே காலத்தில் மற்றொரு கல்வியும் பெற்றோம். மத்திய அரசு ஊழியர்க்குப் பிரபோத், பிரவீண், பிராக்ஞ என மூன்று படிகளில் இந்தித் தேர்வுகள் நடத்தப்பெறுகின்றன. உரிய தேர்வில் தேறினால், ஓர் ஆண்டு ஊதிய உயர்வுக்குச் சமமான தொகை பன்னிரண்டு மாதத்திற்குத் தனி ஊதியமாகக் கிடைக்கும். நாமும் படித்தோம், தேறினோம், பன்னிரண்டு மாதம் அத்தொகையைப் பெற்றோம். பதின்மூன்றாம் மாதம் அது நின்றது. நம் படிப்பும் நின்றது. சான்றிதழ் இன்றும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் சாளரத்தில் வடநாட்டுப் பயணி ஒருவர் பணம் திரும்பப் பெறுவது குறித்து விரைந்து கேட்டபோது நமக்கு விடை சொல்ல வரவில்லை. பின்னாளில் அந்த இந்தியும் பயணிகள் வாயிலாகத்தான் வந்தது.

ஊதியத்துக்காக மொழி கற்பதை நாம் குறை கூறவில்லை. வயிற்றுக்காகக் கற்பதில் இழிவு ஒன்றும் இல்லை. தேர்வுக்காகக் கற்ற மொழி தேர்வோடு போய்விடும். ஆள் எதிரே நின்றால் கற்ற மொழி நிலைக்கும் என்பதே நாம் கண்டது. இதை மனத்திற் கொண்டு இரு மொழிகளையும் எடை போடுவோம்.

மணிக் கணக்கு

அமெரிக்க நாட்டு வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு மொழி கற்பிக்க ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் ஜெர்மன் மொழியில் தொழில் செய்யும் அளவு தேர 36 வாரமும், சீனத்தில் அதே அளவு தேர 88 வாரமும் வகுப்பு வேண்டும் என்பது அந்நிலையத்தின் மதிப்பீடு. வாரத்திற்கு 25 மணி என்று கொண்டால் 900 மணியும் 2200 மணியும் ஆகும். வேலைக்குப் போகும் பிள்ளை மாலையில் இரண்டு மணி நேரம், ஆண்டில் 300 நாள் படிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 600 மணி. ஜெர்மனுக்கு ஒன்றரை ஆண்டு. சீனத்திற்கு மூன்று ஆண்டு எட்டு மாதம். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு தமிழும் கன்னடமும் அறிந்தவர்கள். ஆதலின் கணக்கு சற்றே மாறலாம். விகிதம் பெரிதும் மாறாது.

சீனத்தின் கடினம் எழுத்திலே இருக்கிறது. நம் தமிழில் 247 எழுத்து. சீன அரசு 2013 இல் வெளியிட்ட பட்டியலில் அன்றாடப் புழக்கத்திற்குரிய எழுத்துகளே 3500. ஒரே அசையை நான்கு வகைத் தொனியில் ஒலித்தால் நான்கு வெவ்வேறு பொருள். இலக்கணமோ எளிது, வினைச்சொல் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்பத் திரிவதில்லை.

ஜெர்மனில் இதற்கு எதிர்மாறு. எழுத்து எளிது, இலக்கணம் கடினம். உயிரற்ற பொருளுக்கும் ஆண், பெண், அலி என மூன்று பால் உண்டு. மேசை ஆண், விளக்கு பெண் என்று ஒவ்வொன்றாக நினைவிற் கொள்ள வேண்டும். ஆனால் தமிழர்க்கு இரண்டு ஆறுதல்கள் உண்டு. துணை வாக்கியங்களில் வினைச்சொல் நம் தமிழைப் போலவே இறுதியில் வந்து நிற்கும். நம் தொகைச் சொற்களைப் போலச் சொல்லோடு சொல் சேர்ந்து நீண்ட சொல்லாகும். ‘காப்பிட்டால்-எர்ட்ராக்-ஸ்டொயர்’ என்பது கேட்க அச்சமூட்டும். பிரித்துப் பார்த்தால் மூலதனம், வருவாய், வரி. மூலதன வருவாய் வரி! அவ்வளவே.

கணக்குத் தொழிலுக்கு வருவோர் இரு மொழியிலும் எண்களைத் தனியே பயில வேண்டும். ஜெர்மானியர் இருபத்து நான்கை ‘நான்கும் இருபதும்’ என்று சொல்வர். தொலைபேசியில் கேட்டு எழுதுவோர் 42 என்று எழுதிவிடுவது உண்டு. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைப்பர். ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பர். சீனர் எண்ணுவது பத்தாயிரம் பத்தாயிரமாக. பத்தாயிரம் ஒரு ‘வான்’. பத்துக் கோடி ஒரு ‘யீ’. நம் ஓர் இலட்சம் அவர்க்குப் பத்து வான். காசோலையிலும் ரசீதிலும் எளிய எண்ணெழுத்துகளைத் திருத்திவிடக்கூடும் என்று அஞ்சி, கோடுகள் மிக்க தனி எண்ணெழுத்துகளை அவர்கள் வைத்திருக்கின்றனர். நாம் தொகையை எழுத்தாலும் எழுதுவது போன்ற காவல் அது. மோசடிக்கு அஞ்சுவதில் உலகம் முழுவதும் ஓரினமே!

ஏடு எம்மொழியில் எழுதப்படுகிறது?

இனி வேலைக்கு வருவோம். நாம் முதலிற் சீனம் என்று சொன்னதற்குக் காரணம் செய்தித்தாள். உலகின் மிகப் பெரிய வங்கிகள் நான்கும் சீன வங்கிகள் என்று படித்தோம். பீகிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2016 இல் பணி தொடங்கியது என்றும், அதில் சீனத்திற்கு அடுத்த பெரிய பங்குதாரர் இந்தியாவே என்றும் படித்தோம். ஷாங்காயில் அமைந்த புதிய வளர்ச்சி வங்கிக்கு 2015 முதல் 2020 வரை முதல் தலைவராய் இருந்தவர் நம் கர்நாடக மாநிலத்து மங்களூரில் பிறந்த கே. வி. காமத் என்றும் அறிந்தோம். உடனே ‘சீனமே எதிர்காலம்’ என்று மகளிடம் சொன்னோம்.

அவள் ஒரே ஒரு வினா கேட்டாள்: “அப்பா, அந்த வங்கிகளில் எந்த மொழியில் வேலை நடக்கிறது?”

விசாரித்தோம். அவ்விரு பன்னாட்டு வங்கிகளிலும் பணிமொழி ஆங்கிலம்! நாம் வாயடைத்துப் போனோம். ஜெர்மானிய மொழிக்கும் இதே விதி பொருந்தும். ஃபிராங்ஃபர்ட் நகரில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியிலும் அன்றாடப் பணி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது. நிதித் துறையின் மேல்மாடியில் ஆங்கிலமே ஆட்சி செய்கிறது.

அவ்வாறாயின் இம்மொழிகள் எங்கே வேண்டும்? கீழ்த்தளத்தில், ஏடு எழுதும் இடத்தில் வேண்டும். ஜெர்மனியின் வணிகச் சட்டம், ஒரு நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கை ஜெர்மன் மொழியிலும் யூரோ நாணயத்திலும் ஆக்க வேண்டும் என்று விதிக்கிறது. சீனத்தின் கணக்கியல் சட்டமும் கணக்கேடுகள் சீன மொழியில் எழுதப்பெற வேண்டும் என்கிறது. அயல்நாட்டு முதலீடு பெற்ற நிறுவனம் வேறு மொழியையும் உடன் பயன்படுத்தலாம். தலைவர் எம்மொழியில் பேசினாலும் விலைப்பட்டியலும் வரித் துறையின் கடிதமும் தணிக்கையாளரின் வினாவும் அந்தந்த நாட்டு மொழியிலேயே வரும். மொழி அறிந்த கணக்கருக்கு அங்கேதான் வேலை.

ஆகவே ‘எந்த நாடு பெரிது?’ என்ற வினாவை நாம் விட்டுவிட்டோம். ‘எந்த நாட்டு ஏடு நம் ஊருக்கு வருகிறது?’ என்று கேட்கத் தொடங்கினோம்.

நம் ஊருக்கு வரும் ஏடு

நம் தொம்மலூரை ஒட்டியே எம்பசி கோல்ஃப் லிங்க்ஸ் என்னும் பெரிய அலுவலக வளாகம் இருக்கிறது. அங்கும், இந்நகரின் பிற இத்தகைய வளாகங்களிலும் வேலை செய்வோர் பலர் நம் தெருக்களில் குடியிருக்கின்றனர். நாம் மாலை வேளைகளில் அவர்களிடம் விசாரித்தோம். நம் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, ஜெர்மானிய நிறுவனங்களின் விலைப்பட்டியல்களைச் சரிபார்த்துப் பணம் செலுத்தும் பிரிவில் வேலை செய்கிறாள். அவளிடம் கேட்டது பெரும் பயன் தந்தது.

“அண்ணாச்சி, பட்டியலைப் படிக்க மொழி தெரிய வேண்டியதில்லை. இயந்திரமே மொழிபெயர்த்துவிடும். பணம் வராமல் போனால் அங்கிருந்து ஓர் ஆள் கோபத்தோடு தொலைபேசியில் கூப்பிடுவார். அப்போது இயந்திரம் வராது, நாம்தான் பேச வேண்டும்” என்றாள்.

இளைஞர்களே, இதை நன்கு கவனியுங்கள். முன்னாளில் அரைகுறையாக மொழி அறிந்தவருக்கும் வேலை இருந்தது. கடிதத்தின் கருத்தை எடுத்துச் சொன்னால் போதும். இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்துவிடுகிறது. எஞ்சியிருப்பது சினந்தவரை ஆற்றுதல், ஐயத்தைத் தீர்த்தல், ‘இத்தொகையை ஏன் பிடித்தம் செய்தீர்கள்?’ என்பதற்கு விடை கூறுதல். இதற்கு முதற்படி, இரண்டாம் படிச் சான்றிதழ் உதவாது. ஐரோப்பிய அளவுகோலில் மொழித் தேர்ச்சிக்கு ஆறு படிகள் உண்டு. நான்காம் படியேனும் ஏறியவர்தான் இப்பணிக்கு ஏற்றவர் என்று அப்பெண் சொன்னாள். இடையில் நின்றால் செலவழித்த பணம் நம் டிரங்குப் பெட்டிச் சான்றிதழின் கதையாகும்.

ஜெர்மனிக்கும் இந்நகருக்கும் உள்ள தொடர்பு நேற்றையது அன்று. ஆடுகோடியில் 1950 களில் மைக்கோ என்ற பெயரில் தொழிற்சாலை கண்டது பாஷ் நிறுவனம். கணக்கு மென்பொருள் செய்யும் எஸ்.ஏ.பி. நிறுவனம் 1998 இல் தன் ஆய்வுக்கூடத்தை இங்கே அமைத்தது. டாய்ச்ச வங்கியின் அலுவலகப் பணிகளும் இந்நகரில் நடைபெறுகின்றன. எஸ்.ஏ.பி. மென்பொருளில் பொருள் வழங்குவோரின் எண்ணுக்கு ‘எல்.ஐ.எஃப்.என்.ஆர்.’ என்று பெயர். அஃது என்ன என்று அறியாமலே நம் பிள்ளைகள் நாள்தோறும் தட்டெழுதுகின்றனர். ‘லீஃபரான்டென்-நும்மர்’, அதாவது வழங்குவோர் எண் என்னும் ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. ஏட்டின் உள்ளேயே அம்மொழி ஒளிந்திருக்கிறது! கற்க விரும்புவோர்க்குக் கோத்தே நிலையமாகிய மாக்ஸ் முல்லர் பவன், பக்கத்து இந்திரா நகரிலேயே உள்ளது. 2024 அக்டோபரில் ஜெர்மானிய அரசு, தேர்ச்சி பெற்ற இந்தியத் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் வழங்கும் விசாக்களை 20,000 இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது.

சீனத்தின் நிலையோ விந்தையானது. 2024–25 நிதியாண்டில் இந்தியா அந்நாட்டிலிருந்து 11,300 கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்கை வாங்கியது. நாம் விற்றது 1,400 கோடி டாலர் அளவே. இத்துணைப் பெரிய வாணிகம் நடக்கும்போது மொழி அறிந்தோர் வேண்டாமா? வேண்டும். ஆனால் கதவு நிலையாகத் திறந்திருப்பதில்லை. 2020 ஏப்ரலில், நில எல்லை தொட்ட நாடுகளின் முதலீட்டிற்கு அரசின் முன் இசைவு வேண்டும் என்ற விதி வந்தது. ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் மோதல் நிகழ்ந்தது. அம்மாத இறுதியில் 59 சீனச் செயலிகள் தடை செய்யப்பெற்றன. அவ்வாண்டு நின்ற நேரடி விமானப் போக்குவரத்து 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது.

நமக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன் 2018 இல் சீனம் கற்கத் தொடங்கினான். இரவு பகலாய் எழுதிப் பழகினான். வேலை கைகூடும் வேளையில் 2020 வந்தது, கதவு சாத்திற்று. இரண்டு ஆண்டு அவன் பட்ட துன்பம் பெரிது. அவன் தாயார் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கண்ணீர் விட்டதைப் பார்த்திருக்கிறோம். ஆயினும் அவன் எழுத்துப் பயிற்சியை விடவில்லை. இன்று மின்கருவி உறுப்புகளை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், சீன வழங்குவோருடன் விலையும் தவணையும் பேசி முடிப்பவன் அவனே. அங்கே அவனைப் போல் மொழி அறிந்தவர் வேறொருவர் இலர். ஆகவே அவனுக்கு மதிப்பு மிகுதி. ஆகவே சீனம் வீண் என்று நாம் சொல்ல மாட்டோம். அது நீண்ட காலத் தவணை வைப்பு. இடையில் எடுக்க முடியாது. பொறுத்திருந்தவர்க்கு வட்டி மிகுதி.

ஜெர்மனுக்கும் காற்று மாறாமல் இல்லை. 2014 இல் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் மூன்றாம் மொழியாய் இருந்த ஜெர்மன், கல்வியாண்டின் இடையிலேயே நீக்கப்பெற்றது. 2020 இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை அயல்நாட்டு மொழிகளுக்கு எடுத்துக்காட்டாகச் சில பெயர்களைச் சொன்னது. வரைவில் இருந்த சீனம் இறுதி ஏட்டில் இல்லை. அரசின் ஆதரவை நம்பி மொழியைத் தேர்ந்தெடுப்பவர், நடைமேடை அறிவிப்பை மட்டும் நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் பயணியைப் போன்றவர். அறிவிப்பு எந்த நேரமும் மாறும்!

நம் முடிவு

இனி வழக்கின் தீர்ப்பு. முதல் தீர்ப்பு நம் துணைவியாருக்குச் சாதகமானது. கணக்கே முதல், மொழி இரண்டாவது. கணக்கு அறியாமல் மொழி மட்டும் அறிந்தவர் செய்யக்கூடியதை இயந்திரம் செய்துவிடும். கணக்கும் அறிந்து மொழியும் அறிந்தவரை இயந்திரம் எளிதில் விலக்க முடியாது.

இரண்டாவது, இந்நகரிலே இருந்துகொண்டு, இரண்டு ஆண்டுக்குள் பயன் காண வேண்டிய நிலையில் உள்ள நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஜெர்மனே தக்கது. ஏடு இங்கே வருகிறது. ஆசிரியர் அருகில் உள்ளனர். மணிக் கணக்கு பாதிக்கும் குறைவு. ஆனால் நான்காம் படி வரை ஏறும் உறுதி இல்லாதவர் முதற்படிக்கே பணம் கட்ட வேண்டா.

மூன்றாவது, வீட்டில் உடனே ஊதியம் எதிர்பார்க்காதவர், எழுத்தின் மேல் உண்மையான காதல் கொண்டவர், நான்கு ஆண்டு கதவு சாத்தினாலும் கலங்காதவர் சீனம் கற்கலாம். அத்தகையோர் சிலரேனும் நம்மிடையே தோன்ற வேண்டும். அண்டை நாட்டோடு இத்துணைப் பெரிய கொள்முதல் செய்துகொண்டு, அவர் எழுதிய பட்டியலைப் படிக்க ஆள் இல்லாமல் இருப்பது வாங்குபவனுக்கு நட்டம்.

எம்மொழி ஆயினும் காலம் கொடாமல் பலன் இல்லை. இந்நகரின் மகாத்மா காந்தி சாலையில் கிட்டெல் என்னும் ஜெர்மானியரின் சிலை உள்ளது. 1853 இல் இந்நாட்டிற்கு வந்தவர், கன்னடம் பயின்று, தம் பெரிய கன்னட–ஆங்கில அகராதியை வெளியிட்டது 1894 இல். நாற்பத்தோர் ஆண்டு! நம் பிள்ளைகளை நாற்பது ஆண்டு கேட்கவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் கேட்கிறோம்.

நம் மகள் என்ன முடிவு செய்தாள் என்று கேட்பீர்கள். ஜெர்மன்தான். ஆனால் ஆறு மாதத்திற்கு முன் அவள் சொன்ன காரணம் தோழி படிக்கிறாள் என்பது. நாம் சீனம் என்று சொன்ன காரணம் செய்தித்தாள். இரண்டும் தவறான காரணங்கள். இப்போது அவள் வகுப்பில் சேரும் முன், அந்தத் திருநெல்வேலிப் பெண்ணின் அருகில் அமர்ந்து, ஒரு பட்டியல் எவ்வழியே வருகிறது, எங்கே தடைப்படுகிறது என்று கேட்டறிகிறாள். பட்டத் தேர்வு முடிந்த பின்பே கட்டணம் கட்டச் சொல்லியிருக்கிறாள். சேர்த்து வைத்த பணம் இன்னும் வங்கியிலேயே இருக்கிறது. அவள் தேறுவாளா, வேலை கிடைக்குமா என்பதைக் காலம் சொல்லும். தவறினாலும் கண்ணைத் திறந்துகொண்டு தவறினாள் என்ற ஆறுதலாவது நமக்கு இருக்கும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம்மிடையே ஜெர்மன் அறிந்தோரும் சீனம் அறிந்தோரும் சிலராவது இருக்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அவர்களை இங்கே அமர்த்தி, மாணவர்கள் வந்து வினவ வழி செய்தால், பல பெற்றோரின் பணமும் பிள்ளைகளின் காலமும் காக்கப்படும். விளம்பரத் தாள் சொல்லாததை, வேலை செய்பவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இறுதியாக ஒன்று. கடல் கடந்த மொழியைக் கற்கும் முன், இந்நாட்டுக் கன்னடத்தைச் செம்மையாகக் கற்றிடுங்கள்; நமக்கு உண்ண உணவும் இருக்க இடமும் தந்தது அது. வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள். எழுநூறு ஆண்டுக்கு முன் நம் தொம்மலூரார் கல்லில் எழுதிய கணக்கை, நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டியேனும் படிக்க வேண்டாமா? தன் வீட்டு ஏட்டைப் படிக்கத் தெரிந்தவனே அயலான் ஏட்டையும் அச்சமின்றித் திறப்பான்.

 வாழ்க தமிழ்! வளர்க நாம் வாழும் கன்னட நாடு!